சொன்ன விலைக்கே வாங்கிய டாக்டர்

மட்டாஞ்சேரிச் சந்தையில் மாடத்தி சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டுப் போனவர் எவரும் இலர். அப்படி ஒருவர் கொடுத்திருந்தால், அவள் காய்க்கூடையைத் தாண்டிக்கொண்டு ஓடி, "நில்லுங்க சாரே, ஒடம்புக்கு என்னமும் சொகமில்லையா?" என்று விசாரித்திருப்பாள்.

அவளுடைய வியாபாரம் முழுவதும் ஓர் ஆட்டம். கத்தரிக்காய்க்கு உள்ளதைப்போல் இருமடங்கு விலை சொல்வாள். வாங்க வந்தவர் அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கேட்பார். மாடத்தி நெஞ்சில் கைவைத்து வானத்தைப் பார்ப்பாள். வந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நாலடி நடப்பார். "ஏ சேச்சி, இங்க வாங்க! கோவிச்சுக்கிட்டுப் போனா கொழம்பு ருசிக்காது!" என்று அவள் அழைப்பாள். அவர் திரும்புவார், இவள் இறங்குவாள், அவர் சற்றே ஏறுவார். முடிவில் விலை தனக்குரிய இடத்தில் வந்து அமரும். அமர்ந்தபின், கொசுறாக இரண்டு பச்சை மிளகாயும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் பையில் விழும். இருவரும் சிரித்துக்கொண்டே பிரிவார்கள்.

தென்காசிக்கு அருகிலிருந்து, எழுபத்திரண்டாம் ஆண்டில், இசக்கிமுத்துவின் மனைவியாகக் கொச்சிக்கு வந்தவள் மாடத்தி. இசக்கிமுத்து மாநகராட்சியின் குடிநீர்க் குழாய்ப் பிரிவில் வேலை பார்த்தான். அவன் மிகுதியாகப் பேசமாட்டான்; பேசவேண்டிய தேவையையும் மாடத்தி அவனுக்கு வைக்கவில்லை. வந்த மறு ஆண்டே சந்தையில் தூணுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் இடையே ஓர் இடம் பிடித்து, தென்காசி லாரியில் வரும் காயை விற்கத் தொடங்கிவிட்டாள். மலையாளத்தில் திட்டவும் தமிழில் கொஞ்சவும் கற்றுக்கொண்டாள். நாளடைவில் இரண்டும் இடம் மாறியும் வந்தன. பக்கத்தில் கப்பை என்னும் மரவள்ளிக்கிழங்கு விற்ற கமலாக்ஷி அவளுக்குத் தோழியும் எதிரியுமானாள். எந்த வேளையில் எது என்பதை இருவரும் கேட்காமலே அறிந்திருந்தார்கள்.

எண்பத்தைந்தாம் ஆண்டில் மாடத்தியின் கால்கள் வீங்கின. முகம் ஊதியது. சோற்றைக் கண்டால் குமட்டியது. எறணாகுளத்து மருத்துவமனையில், இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிவிட்டன என்றார்கள். அன்றுமுதல் வாரத்துக்கு இருமுறை மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் படகேறி, அக்கரைக்குப் போய், இயந்திரத்தின் பக்கத்தில் படுத்து, இரத்தத்தைக் கழுவிக்கொண்டு வரவேண்டும் என்று ஆயிற்று. செலவில் ஒரு பகுதியை மாநகராட்சியும் மறு பகுதியைக் கடைத்தெரு வணிகர்களின் அறநிதியும் ஏற்றுக்கொண்டன.

வேறொருத்தியாக இருந்தால் ஒடுங்கிப்போயிருப்பாள். மாடத்திக்கோ புதிதாகச் சொல்வதற்கு எத்தனையோ செய்திகள் கிடைத்துவிட்டன. ஊசி குத்துவதற்காக அவளுடைய இடக்கையில் இரண்டு இரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் தொட்டால் உள்ளே ஏதோ ரீங்கரிக்கும். "வண்டு ஒண்ணு குடியிருக்குட்டி, தொட்டுப் பாரு!" என்று சந்தையிலுள்ள பெண்களை எல்லாம் வரிசையில் நிறுத்தித் தொடவைத்தாள். தொட்டவள் ஒவ்வொருத்தியும் வீறிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். இயந்திரத்தில் ஏற்றுமுன்னும் இறக்கியபின்னும் தன்னை எடைபோடுவதைச் சொல்லும்போது மட்டும் அவளுக்குச் சற்று மனக்குறை. "பூசணிக்காய வச்ச மாதிரி வச்சு எறக்குதாங்க. போகும்போது ஒரு எடை, வரும்போது ஒரு எடை. நடுவுல கொறஞ்சது எங்க போச்சுன்னு ஒருத்தரும் சொல்லமாட்டேங்காங்க!"

ஓராண்டு இவ்வாறு கழிந்தது. பிறகுதான் டாக்டர் சிவசங்கரன் வந்து சேர்ந்தார்.

அவர் பாலக்காட்டுக்காரர்; இளைஞர்; கண்ணாடி மூக்கின் நுனிக்கு வழுக்கிக்கொண்டே வரும். தமிழும் மலையாளமும் அவர் வாயில் ஒரே குடும்பமாக வாழ்ந்தன. அவருக்கு ஒரு குறை இருந்தது. இயந்திரம் அழுத்தத்தைச் சொல்கிறது, தராசு எடையைச் சொல்கிறது, சோதனைச்சாலை உப்பைச் சொல்கிறது. ஆனால் படுத்திருக்கும் மனிதர் என்ன பாடுபடுகிறார் என்பதை எதுவும் சொல்வதில்லை. ஆகவே அதையும் அளந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

"அம்மா, ஓரோ வாரமும் நான் வந்து கேக்கும்," என்றார் மாடத்தியிடம். "சொறிச்சல், கால் இழுப்பு, கிறுகிறுப்பு, மூச்சுமுட்டு, இப்படிக் கொஞ்சம் உண்டு. ஒண்ணுமே இல்லேன்னா பூஜ்யம். தாங்கவே முடியாட்டா பத்து. நடுவுல எத்தனைன்னு நீங்கதான் சொல்லணும். வேற யாருக்கும் அது தெரியாது. சரியா?"

"சரி டாக்டரே."

"சொறிச்சல் எத்தனை?"

மாடத்தி யோசித்தாள். முதுகில் அரிப்பு இருந்தது. தூணில் தேய்த்துக்கொண்டால் அடங்கிவிடும். நாலு இருக்கும். எனவே, "எட்டு," என்று சொல்லிவிட்டுப் புருவத்தை உயர்த்திக் காத்திருந்தாள்.

டாக்டர் எழுதிக்கொண்டார்.

"டாக்டரே, எட்டுன்னு சொன்னேன்."

"கேட்டேனம்மா. எழுதியாச்சு."

"அப்படியேவா?"

"அப்படியேதான். கால்ல நீரு?"

மாடத்தி தன் கணுக்காலைப் பார்த்தாள். இரண்டே இருக்கும், வழக்கத்தைவிடக் கூடவே ஏற்றிப் பார்ப்போம் என்று, "எட்டு," என்றாள். இதற்காவது மனிதர் ஓர் ஐயம் காட்டுவார் என்று நம்பினாள். அவர் அதையும் எழுதினார். மூச்சுமுட்டலுக்கு ஏழு சொன்னாள், எழுதினார். கடைசியில் தலைவலியைப் பற்றிக் கேட்டபோது அவளுக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"தலைவலிய நீங்க கொசுறா வச்சுக்கிடுங்க."

"கொசுறுன்னா எத்தனை?" என்று பேனாவைப் பிடித்தபடி கேட்டார் சிவசங்கரன்.

அடுத்த கட்டிலில் லக்ஷ்மிநாராயணன் படுத்திருந்தார். அஞ்சலகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். நெற்றியில் திருநீறு அழியாமல் இயந்திரத்துக்கு வருபவர். அவரிடம் எதைக் கேட்டாலும், "பரவாயில்லை," என்பார். "பரவாயில்லைன்னா பத்துல எத்தனை சார்?" என்று டாக்டர் கேட்டால், "அது உங்கள் சௌகரியம்," என்பார். டாக்டர் அங்கே நெடுநேரம் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் சந்தையில் மாடத்தி, கமலாக்ஷியின் காதைப் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டாள். "ஏட்டி, அந்த டாக்டரு சொன்ன வெலைக்கே வாங்கிட்டாருட்டி!"

"எந்து? ஒந்நும் குறச்சுக் கேட்டில்லே?"

"ஒண்ணுகூட! எட்டுன்னேன், எட்டுன்னு எழுதிட்டாரு."

கமலாக்ஷி கப்பையைக் கீழே வைத்தாள். "அய்யோ பாவம் மனுஷன்! கல்யாணம் கழிஞ்சதோ?"

"கழிஞ்சிருக்கு."

"அந்தப் பெண்ணு எங்ஙனெயா குடும்பம் கொண்டுபோகுது?"

இருவரும் அந்த முகமறியாப் பெண்ணுக்காகச் சற்று நேரம் உண்மையாகவே வருந்தினார்கள். பிறகு கமலாக்ஷி, "அடுத்த தடவ நீயே கொறச்சு சொல்லிடேன்," என்றாள்.

"கேக்காம கொறைக்கவா? பொறவு என் சீக்குக்கு என்னட்டி மதிப்பு?"

அது சரிதான் என்று கமலாக்ஷி கப்பையை மறுபடி கையில் எடுத்தாள். வியாபாரம் தெரிந்த எவரும் அதைச் சரி என்றே சொல்வார்.

டாக்டர் சிவசங்கரனோ எழுதியதை எழுதிவிட்டு மறந்துபோகும் மனிதர் அல்லர். ஒருத்திக்குக் காலில் நீர் எட்டு, மூச்சுமுட்டல் ஏழு என்றால், உடம்பில் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று பொருள். அவர் அவளுடைய கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். குழி விழவில்லை. தம் விரலை நம்புவதா, நோயாளியின் சொல்லை நம்புவதா என்று தயங்கினார். பாடு படுபவளுக்குத்தான் தெரியும் என்று தாமே சொல்லியிருந்ததனால், அவள் சொல்லையே நம்பினார். செவிலி அம்மிணியை அழைத்து, இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீரை எடுக்கச் சொன்னார்.

அன்று இயந்திரத்திலிருந்து இறங்கிய மாடத்தி எழுந்து நின்றாள். மின்விசிறி நின்ற இடத்திலேயே நிற்க, அறை சுற்றியது. லக்ஷ்மிநாராயணனின் கட்டில் அவளைக் கடந்து போயிற்று. சற்று நேரத்தில் மறுபடியும் வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வார்டின் நடுத்தூணைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். படகில் ஏறியதும் வெல்லிங்டன் தீவு தன் கப்பல்களையும் பளுதூக்கிகளையும் தூக்கிக்கொண்டு மெல்ல நடக்கத் தொடங்கியது.

"ஏங்க, அந்தத் தீவு எங்க போகுது?"

"அது அங்கனதான் நிக்கி. நீ இங்கன உக்காரு," என்றான் இசக்கிமுத்து. அவள் சேலைத் தலைப்பைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, வீடு சேரும்வரை விடவில்லை.

அடுத்தடுத்த வாரங்களில் தீவு நாள் தவறாமல் நடந்தது. அத்துடன் கெண்டைக்கால் இழுப்பும் சேர்ந்துகொண்டது. இயந்திரத்தில் பாதி நேரம் கழிந்ததும், யாரோ காலுக்குள் ஈரத்துணியைப் போட்டுப் பிழிவதுபோல் முறுக்கும். அந்த நேரம் பார்த்து டாக்டர் வந்து நின்றார்.

"இழுப்பு எத்தனையம்மா?"

உண்மையான இழுப்பு ஒன்பது. அந்த வேதனையிலும் மாடத்தியின் தொழில் தவறவில்லை. "பதினெட்டு!" என்று கத்தினாள்.

"பத்துக்கு மேல கெடையாதம்மா."

"ஏன் கெடையாது? ஒங்க கடையில சரக்கு அம்புட்டுத்தானா?"

அம்மிணி உப்புநீர்ப் புட்டியைக் கையில் பிடித்துக்கொண்டே சிரித்தாள். லக்ஷ்மிநாராயணனின் போர்வை அசைந்தது. டாக்டர் பத்து என்று எழுதிக்கொண்டு, கவலையுடன் தலையைச் சொறிந்தார். காலில் நீர் எட்டாம். நீரை எடுத்தால் இழுப்புப் பதினெட்டாம். அவர் படித்த எதிலும் அப்படி ஒரு நோயாளி இல்லை.

இந்த நிலையில்தான் சந்தையில் அந்த அறிவிப்பு வந்தது. இடம் பெற்றவர்கள் தாமே உட்கார்ந்து விற்கவேண்டும். ஓணத்துக்கு முன் மாநகராட்சி இன்ஸ்பெக்டர் பார்வையிட வருவார். ஆளில்லாத இடம் வேறொருவருக்குப் போய்விடும். உடம்பு சுகமில்லாதவர்கள், உட்கார்ந்து விற்கத் தகுதியுண்டு என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக் காட்டவேண்டும். தூணுக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள இடத்தில் இப்போதெல்லாம் பாதி நாள் ஆளில்லை என்பதைச் சந்தை முழுவதும் அறிந்திருந்தது. அந்த இடத்தின்மேல் இரண்டு மூன்று பேருடைய கண் ஏற்கெனவே விழுந்திருந்தது.

மாடத்தி அன்று வீட்டில் சாயாவை வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள். "எடம் போனா நான் யாருகிட்டங்க பேசுவேன்?" என்று இசக்கிமுத்துவைக் கேட்டாள். தன்னிடம் பேசலாமே என்று அவன் சொல்லவில்லை. தான் ஒருவன் அதற்குப் போதாது என்பது அவனுக்குத் தெரியும்.

மறுமுறை மருத்துவமனைக்குப் போனதும் அவள் டாக்டரிடம் கேட்டாள். அவர் தம் தாள்களைப் புரட்டினார். "அம்மா, இந்த வார்டுல மொத்தம் பாத்தாலும் உங்க கணக்குதான் ஒண்ணாவது," என்றார்.

ஒரு நொடி மாடத்திக்குப் பெருமையாக இருந்தது.

"இத்தனை பெரிய எண் உள்ள ஒராள் எழுந்து நிக்கறதே அதிசயம். சந்தையில உக்காரலாம்னு நான் எப்படி எழுதித் தரும்? என்னால பற்றாது."

பெருமை அந்த இடத்திலேயே உதிர்ந்துவிட்டது. படகில் திரும்பும்போது தீவு நடப்பதைக்கூட அவள் பார்க்கவில்லை.

அடுத்த முறை டாக்டர் வந்து நாற்காலியை இழுப்பதற்குள்ளேயே தொடங்கிவிட்டாள். "சொறிச்சல் பூஜ்யம். இழுப்பு பூஜ்யம். மூச்சுமுட்டு பூஜ்யம். எழுதிக்கிடுங்க."

"கிறுகிறுப்பு?"

"கிறுகிறுப்புன்னா என்னது? நான் கேள்விப்பட்டதே இல்ல."

"போன வாரம் எல்லாம் பத்து, பதினெட்டுன்னு சொன்னீங்களே!"

"இது ஆடி மாசம்லா டாக்டரே. எல்லாம் தள்ளுபடி."

சிவசங்கரன் சிரிக்கவில்லை. பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். "அம்மா, இதை நம்பித்தான் நான் உங்களுக்கு மருந்து எழுதறேன். அன்னைக்குச் சொன்னதா, இன்னைக்குச் சொன்னதா? ரெண்டுல ஒண்ணு பொய்."

"பொய்யா?" மாடத்தி படுக்கையிலிருந்து விருட்டென எழுந்தாள். குழாய் இழுபட்டு, இயந்திரம் அலறியது. அம்மிணி ஓடிவந்து, அசையவிடாமல் கையைப் பிடித்துக்கொண்டாள். "சேச்சி, கை! கை அனக்கல்லே! கிடக்கு, அங்ஙனெ கிடக்கு!"

"அவர் என்னப் பொய்க்காரின்னு சொல்லுதாரு சிஸ்டரே! பதினாலு வருசமா யாவாரம் பாக்கேன், ஒருத்தர் என்ன அப்படிச் சொன்னதில்ல!"

அப்போது வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. உள்ளே வர அனுமதி இல்லாததால் எப்போதும் வாசலிலேயே நிற்கும் இசக்கிமுத்துவின் குரல். மணவாழ்க்கையில் அவன் பேசியவற்றுள் அதுவே நீளமான பேச்சாக இருக்கலாம்.

"சார், அவ கத்திரிக்காய்க்கும் இப்படித்தான் சொல்லுவா. நாமதான் கொறச்சுக் கேக்கணும். நீங்க கேக்கவே இல்லன்னு அவளுக்கு ரொம்ப வருத்தம் சார். வீட்டுல வந்து சொல்லுவா."

டாக்டர் அவனையே பார்த்தார். "அப்போ, சொறிச்சல் எட்டுன்னா?"

"நாலு இருக்கும் சார். தூணுல தேச்சா மூணு."

சிவசங்கரன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. மாடத்தி பதறிப்போனாள். "ஐயய்யோ, பெரிய படிப்புப் படிச்ச பிள்ளைய அழ வச்சுட்டேனே! டாக்டரே, வேண்டாம் டாக்டரே, நீங்க சொன்னதே சரின்னு வச்சுக்கிடுங்க!"

கையை எடுத்தபோது அவர் கண்களில் நீர் இருந்தது உண்மை. ஆனால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடி ஒரு காதில் தொங்கியது.

"வெல சொல்லுதது பொய்யில்ல டாக்டரே," என்றாள் மாடத்தி, குரலைத் தாழ்த்தி. "வாங்க, பேசலாம்னு கூப்பிடுதது. நான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். நீங்க பேசவே இல்ல. நான் என்ன செய்ய?"

சிவசங்கரன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். நாற்காலியை ஒதுக்கிவிட்டு, காயைப் பொறுக்க வந்தவர்போல் கட்டிலுக்கு அருகே குந்தி உட்கார்ந்தார். "சரி. இன்னைக்குப் பேசலாம். கிறுகிறுப்பு. நீங்க பூஜ்யம்னு சொல்றீங்க. நான் ஒன்பது கேக்கறேன்."

மாடத்தியின் கண்கள் விரிந்தன. வாழ்நாளில் வாங்க வந்தவர் எவரும் விலையை ஏற்றிக் கேட்டதில்லை. இந்த ஆட்டத்தைத் தலைகீழாக ஆடவேண்டும் என்பது அவளுக்கு ஒரு கணத்தில் விளங்கிவிட்டது. விளங்கியதும் உடம்பெல்லாம் இனித்தது.

"ஒன்பதா? பகல்கொள்ளை! அரை தாரேன்."

"எட்டு."

"ஒங்க மொகத்துக்காக ஒண்ணு. அதுக்குமேல ஒரு நூல் ஏத்தமாட்டேன்."

டாக்டர் எழுந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு நாலடி நடந்தார். வார்டே மூச்சை அடக்கிக்கொண்டது.

"ஏ டாக்டரே! இங்க வாங்க! கோவிச்சுக்கிட்டுப் போகாதீங்க, மூணு!"

அவர் திரும்பி வந்தார். "ஏழு."

"மூணரை!"

"அம்மா, நான் குறுக்கே வருவதற்கு மன்னிக்கவேண்டும்," என்று அடுத்த கட்டிலிலிருந்து லக்ஷ்மிநாராயணன் தலையைத் தூக்கினார். "சென்ற வாரம் நீங்கள் தூணைக் கட்டிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். ஆறுக்குக் குறையாது."

"ஒமக்கு எதுக்குய்யா என் யாவாரத்துல பங்கு?"

"ஆறு போதும் சேச்சி, ஆறு நல்ல வெல!" என்று கூவினாள் அம்மிணி. கோடியில் படுத்திருந்த யாரோ, "அஞ்சர!" என்றார், வேறொருவர், "ஆறர!" என்றார். வாசலில் நின்ற இசக்கிமுத்து ஆறு விரல்களை விரித்துக் காட்டினான். தன் வீட்டுக்காரனே கட்சி மாறியதைக் கண்ட மாடத்தி தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள்.

"கடைசி வெல?" என்று கேட்டார் டாக்டர்.

"ஆறு. சத்தியமா ஆறுதான் டாக்டரே."

"சம்மதம். இழுப்பு?" அதற்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை, ஒன்பதை ஒன்பதாகவே தந்தாள். "கால்ல நீரு? நான் எட்டுல தொடங்கறேன்."

மாடத்தி கையை ஆட்டினாள். "அதுல பேரம் வேண்டாம். அது மொதல்லயிருந்தே ரெண்டுதான். மூச்சுமுட்டும் அப்படித்தான். எட்டும் ஏழும் அன்னைக்குச் சொன்ன வெல."

டாக்டரின் சிரிப்பு நின்றது. கணுக்காலைத் தம் விரலால் மீண்டும் அழுத்திப் பார்த்தார். இன்றும் குழி விழவில்லை.

"அம்மா," என்றார் மெல்ல, "உள்ள இல்லாத தண்ணியையாக்கும் நான் இத்தனை நாளும் எடுத்துக்கிட்டிருந்தேன். அதான் உங்களுக்கு இழுப்பும் கிறுகிறுப்பும்."

"அதான் தீவு நடந்துச்சா?"

"ஏது தீவு?"

"ஒண்ணுமில்ல. நீங்க கவலப்படாதீங்க. ரெண்டு பேரும் யாவாரத்துக்குப் புதுசு, அம்புட்டுத்தான்."

சிவசங்கரன் அம்மிணியிடம் சொல்லி, எடுக்கும் நீரின் அளவைக் குறைத்தார். எழுந்து போகப் புறப்பட்டவரை ஒரு சிறிய கனைப்பு நிறுத்தியது.

"டாக்டர்," என்றார் லக்ஷ்மிநாராயணன், கூரையைப் பார்த்தபடி, "என்னிடமும் அவ்வாறு கேட்பதாக இருந்தால் எனக்கு மறுப்பில்லை."

"சந்தோஷம் சார்! தூக்கமில்லாமை. உங்க பரவாயில்லைக்கு நான் எட்டு கேக்கறேன்."

"எட்டா? சிவ சிவா! ஐந்து. ஐந்துக்குமேல் ஒரு பைசாவும் பெறாது!"

அந்த மனிதரின் வாயிலிருந்து அன்றுதான் முதன்முதலாக ஓர் எண் வந்தது. அம்மிணி கைதட்டினாள்.

மாடத்தி அப்போதே சான்றிதழைக் கேட்டாள். இன்னும் நாலு முறை இயந்திரத்தில் ஏறி இறங்கட்டும், பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்றார் டாக்டர். ஒரு முறை போதும் என்றாள் அவள். இரண்டில் முடிந்தது.

முதல் முறை எழுந்து நின்றபோது அறை சற்றே ஆடிவிட்டு நின்றது. இரண்டாம் முறை அசையவே இல்லை. கட்டில்கள் கட்டில்களாகவே இருந்தன. அவளுக்குக் கொஞ்சம் சப்பென்றுகூட இருந்தது. சொன்ன சொல் மாறாமல் சிவசங்கரன் எழுதிக் கொடுத்தார்: உட்கார்ந்து விற்கலாம், பாரம் தூக்கக் கூடாது, இயந்திரத்துக்கு வரும் நாள்களில் ஓய்வு வேண்டும். ஓய்வு என்னும் சொல்லை எடுத்துவிடும்படி அவள் எவ்வளவோ பேசிப் பார்த்தாள். அதில் மட்டும் அவர் ஓர் எழுத்தும் இறங்கவில்லை.

ஓண நாள்கள் தொடங்கும் அத்தத்துக்கு மறுநாள் இன்ஸ்பெக்டர் சந்தைக்கு வந்தார். மழை விட்டு, வெயில் பளீரென்று அடித்தது. பூக்கூடைகளும் வாழைக்குலைகளும் வழியை அடைத்துக்கொண்டிருந்தன. மாடத்தி விடிந்ததுமுதல் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். குடிக்கும் தண்ணீருக்கு அளவு உண்டு என்பதால், வறண்ட நாவை எலுமிச்சைத் துண்டால் நனைத்துக்கொண்டாள். கூடைகளை இசக்கிமுத்து இறக்கி வைத்துவிட்டு, தூணுக்குப் பின்னால் நின்றான்.

இன்ஸ்பெக்டர் தாளை இருமுறை படித்தார். "டயாலிசிஸ்... இது கழிஞ்ஞிட்டு இங்ஙனெ வந்து இரிக்கான் பற்றுமோ?"

"இருக்கேன்லா சாரே. பாருங்க."

"ஆழ்ச்சையில் எத்ர திவசம் இரிக்கும்?" வாரத்துக்கு எத்தனை நாள் என்பதுதான் கேள்வி.

"ஏழு! ஏழு பறடீ!" என்று கமலாக்ஷி பின்னாலிருந்து முதுகில் குத்தினாள். ஏழு என்னும் சொல் மாடத்தியின் நாவின் நுனிவரை வந்தும்விட்டது. பதினாலு ஆண்டுப் பழக்கம் சும்மா விடுமா? ஆனால் இன்ஸ்பெக்டரின் கையில் பேனா இருந்தது. மூடியைக் கழற்றி, முனையைத் தாளில் வைத்து, அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி நின்ற ஒருவரை அவள் அண்மையில்தான் பார்த்திருந்தாள். இந்த மனிதரும் பேசமாட்டார். சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டு போய்விடுவார். பிறகு ஏதோ ஓர் இயந்திர நாளில் வந்து, ஏழு எங்கே என்று கேட்பார்.

"அஞ்சு நாளு சாரே," என்றாள். "ரெண்டு நாளு அக்கரைக்குப் போயே ஆகணும். அந்த ரெண்டு நாளும் எடம் சும்மாத்தான் கெடக்கும். உள்ளதச் சொல்லிட்டேன்."

இன்ஸ்பெக்டர் எழுதினார், தாளை அவளிடமே திருப்பித் தந்தார்.

"அஞ்சு மதி, தாராளம்," என்றார். "மூணு திவசத்தில் குறைஞ்சாலே ஸ்தலம் போகும். அடுத்தது யாரு?"

அவ்வளவுதான். குடையை ஊன்றிக்கொண்டு அவர் வாழைக்குலைகளுக்கு நடுவே நடந்துபோனார். மாடத்தி வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு பேரம், அதுவும் இவ்வளவு பெரிய பேரம், ஒரே சொல்லில் முடிந்துபோன வியப்பு அவளுக்கு அடங்கவில்லை.

"மூணு மதியாயிருந்நு!" என்று கமலாக்ஷி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "ரெண்டு திவசம் வெறுதே கொடுத்தல்லோ நீ!"

அதைக் கேட்டதும் மாடத்திக்குச் சிரிப்புப் பொங்கியது. வெண்டைக்காய்க் கூடையின்மேல் சாய்ந்துகொண்டு, மூச்சு வாங்க வாங்க, கண்ணீர் வழியச் சிரித்தாள். கமலாக்ஷிக்கும் தொற்றிக்கொண்டது. ஒருத்தி நிறுத்தினால் மற்றவள் தொடங்கினாள். தூணுக்குப் பின்னாலிருந்த இசக்கிமுத்து, மயக்கமோ என்று பயந்து எட்டிப் பார்த்தான்.

"என்னங்க அங்க நின்னுக்கிட்டு?" என்று அவள் கண்ணைத் துடைத்தபடி கத்தினாள். "தென்காசி லாரி வந்திருச்சான்னு போய்ப் பாருங்க! ஓணத்துக்கு இந்தக் காய் எந்த மூலைக்குக் காணும்?"